கேட்டிருக்க மாட்டீங்க

மழைக்காலம் வந்துவிட்டால் ரொட்டி ஆலையில் மாவுக்குத் திமிர் பிடித்துவிடும். வெயில் நாளில் சொன்ன பேச்சைக் கேட்டு உப்பி எழுகிற அதே மாவு, ஈரக்காற்று பட்டதும் மேசையைவிட்டு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். அந்த மேசைக்கு முன்னால் நின்று விடிகாலையிலிருந்து மதியம்வரை மாவை வெட்டி, உருட்டி, தட்டில் அடுக்குவது அவள் வேலை. வெந்த ரொட்டி அச்சைவிட்டு வராவிட்டால் தட்டைக் கவிழ்த்து அடியில் மரக்கட்டையால் தட்ட வேண்டும். மற்றப் பெண்கள் தட்டினால் அது வெறும் சத்தம். அவள் தட்டினால் அதில் ஒரு தாள நடை வந்து உட்கார்ந்துகொள்ளும். அடுப்படியில் நிற்கிற ஆள் தன்னையறியாமல் காலை ஆட்டுவார்.

அதனால் அவளுக்கு டமாரம் என்று பெயர் வந்தது. ஆளுக்கும் பெயருக்கும் கொஞ்சமும் பொருத்தமில்லை. அவளிடம் ஒரு விஷயத்தைச் சொன்னால் அது அங்கேயே அடங்கிவிடும். ஆலையில் யாருக்கு யாரோடு மனத்தாங்கல், யார் மகள் யாரோடு பேசுகிறாள் என்பதெல்லாம் அவள் காதில் விழாமல் போனதில்லை, வாயைவிட்டு வந்ததுமில்லை.

அவளோடு சேர்த்து அந்தக் குடும்பத்தில் நாலு பேர் ஒரு பாட்டுக்குழு. அவள் டிரம்ஸ். அவள் வீட்டுக்காரர் கிட்டார். பாட்டுக் கட்டுவதும் அவர்தான். பகலில் மரச்சாமான் பட்டறையில் அறுவை மெஷினில் நிற்பார். அவள் தம்பி எலக்ட்ரீஷியன், பேஸ் கிட்டார் வாசிப்பான். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள் பாடுவாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் அடுப்பெல்லாம் ஆறிய பிறகு, மாவு மூட்டை அடுக்கும் அறையை ஆலை முதலாளி அவர்களுக்கு விட்டுக்கொடுத்திருந்தார். மூட்டைகள் சத்தத்தைக் குடித்துவிடும், அக்கம்பக்கத்தில் புகார் வராது. வாசித்து முடித்து வெளியே வரும்போது நாலு பேர் தலையும் நரைத்திருக்கும். அந்த அறைக்குப் பின்வாசல் வழியாகத்தான் போகவேண்டும் என்பதால் குழுவுக்கும் ‘பின்வாசல்’ என்றே பெயர் வைத்தார்கள்.

பின்வாசலை யாருக்கும் தெரியாது. கடைத் திறப்பு, பிறந்தநாள், தொழிலாளர் சங்கத்து ஆண்டுவிழா என்று கூப்பிடுவார்கள். கூப்பிடுகிறவர்களுக்கு வேண்டியது சினிமாப் பாட்டு. நடுவில் சந்தடி சாக்கில் சொந்தப் பாட்டு ஒன்றை நுழைப்பார்கள். அது ஆரம்பித்ததும் கூட்டம் சாப்பாட்டு மேசைப் பக்கம் நகரும். “நம்ம பாட்டுக்குத்தான்யா ஜனத்துக்குப் பசி எடுக்குது” என்பார் வீட்டுக்காரர். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்து சரியாகச் சாப்பிடமாட்டார்.

சனிக்கிழமை மதியம் வானொலியில் ஒரு நிகழ்ச்சி வரும். ‘கேட்டிருக்க மாட்டீங்க’ என்று பெயர். யாருக்கும் தெரியாத பாட்டுக்காரர்களைத் தேடிப்பிடித்துப் போடுவதே அதன் வேலை. படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கிற ஒருவர், படகு இன்ஜினின் உறுமலையே சுருதியாக வைத்துக்கொண்டு மவுத்ஆர்கன் வாசித்தது அதில் வந்தது. ஒரே ஒரு கேசட் போட்டுவிட்டு, போதும் என்று லிஃப்ட் ஓட்டப் போய்விட்ட ஆளின் பாட்டு வந்தது. ஆஸ்பத்திரியில் துணி மாற்றும் அறையில், வாத்தியமே இல்லாமல் மூன்று நர்சுகள் பாடியது வந்தபோது டமாரம் கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். ஒருத்தி மூச்சை விடுகிற இடத்தில் இன்னொருத்தி எடுத்துக்கொள்கிறாள் என்று மகளுக்குக் காட்டினாள். ஊரே தலையில் வைத்துக் கொண்டாடுகிற பாடகர்களைவிட அந்த மூன்று பேர் அவளுக்கு உசத்தி. அவர்கள் பெயர்கூடத் தெரியாது. தெரிந்த சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுவதுபோல ஆலையில் அவர்களைப் பற்றிப் பேசுவாள். அவளாக வாயைத் திறந்து பேசுகிற ஒரே விஷயம் அதுதான்.

வீட்டுக்காரருடைய காதில் ஏதோ கோளாறு என்று அவள் கண்டுபிடித்தது வீட்டில் அல்ல, பாட்டில். வீட்டில் முதலில் சின்னச் சின்னதாக நடந்தது. அடுப்பில் கெட்டில் கீச்சென்று கத்திக்கொண்டிருக்க, பக்கத்திலேயே உட்கார்ந்து கிட்டார் கம்பியைத் துடைத்துக்கொண்டிருப்பார். பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டார். தோளைத் தொட்டால் திரும்புவார். ஏதோ நினைப்பில் இருக்கிறார் என்று விட்டுவிட்டாள். பாட்டுக் கட்டுகிறவருக்கு நினைப்புக்கா பஞ்சம்?

ஆனால் மாவு அறையில் தப்பிக்க வழியில்லை. அவள் டிரம்ஸில் காலால் மிதித்தால் ஒன்றோடொன்று சேருகிற ஜோடிப் பித்தளைத் தட்டின் சன்னமான சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர் இத்தனை வருஷமாக வாசித்தார். இப்போது அந்தச் சத்தம் அவரிடம் போய்ச் சேரவில்லை. கிட்டார் ஒரு மயிரிழை பின்தங்கி வந்தது. பிறகு இரண்டு மயிரிழை. டமாரம் யோசிக்கவெல்லாம் இல்லை. கூட நடக்கிறவர் செருப்பு வார் அறுந்து பின்தங்கினால் நாமும் நடையைக் குறைப்போமே, அந்த மாதிரி குறைத்தாள். அடியைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு, அவர் வந்து சேரும்வரை பிடித்து வைத்து, பிறகு விட்டாள். அவர் தாளத்தில்தான் இருக்கிறார் என்று அவருக்கே தோன்றும்படி செய்தாள்.

தம்பி இரண்டு ஞாயிறு பார்த்தான். மூன்றாவது ஞாயிறு கிளம்பும்போது, என்னக்கா, மாமா இப்படி இழுக்கிறார் என்று கேட்டான். அவள் அவனையே பார்த்தாள். அவனுக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு அவனும் அக்கா போகிற வேகத்துக்கே போனான். டாக்டரிடம் கூட்டிப்போகலாமே என்று ஒருநாள் மெல்ல ஆரம்பித்தான். சமயம் பார்த்துச் சொல்கிறேன் என்றாள். அந்தச் சமயம் வரவேயில்லை.

வராததற்குக் காரணம் இருந்தது. அவருடைய அப்பா கடைசிக் காலத்தில் காது கேட்காமல் இருந்தவர். வீட்டில் எல்லாரும் அவரிடம் கத்திக் கத்திப் பேசுவார்கள். அவர் ஒன்று கேட்டு ஒன்று சொல்ல, பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் பெரியவரும் கூடச் சேர்ந்து சிரிப்பாராம். அதைச் சொல்லும்போதெல்லாம் வீட்டுக்காரரின் முகம் சுண்டிப்போகும். கண் போனாலும் சரி, கை போனாலும் சரி, காது மட்டும் போகக்கூடாது எனக்கு என்பார். அப்படிச் சொன்னவரிடம் எந்த வாயை வைத்துக்கொண்டு சொல்வது? இன்றைக்குச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டு ஆலையிலிருந்து வருவாள். அவர் புதுப் பாட்டு ஒன்றின் முதல் வரியை முனகிக்கொண்டு எதிரே வருவார். அவள் சொல்ல வந்ததை விட்டுவிட்டு டீ போடப் போய்விடுவாள்.

அந்தக் கோடையில் தம்பி எங்கிருந்தோ நல்ல மைக் ஒன்றை இரவல் வாங்கி வந்தான். மாவு அறையிலேயே ‘கடைசி வண்டி’ என்ற பாட்டைப் பதிவு செய்தார்கள். பஸ்ஸைத் தவறவிட்டவன் ஒருவன் வீடுவரை நடந்து வருகிற பாட்டு.

அது முடிந்து மழை ஆரம்பித்த சமயத்தில் மரப்பட்டறையில் அந்த விபத்து நடந்தது. அறுவை மெஷினில் பலகையைத் தள்ளிவிடுவது வீட்டுக்காரர், எதிர்ப்பக்கம் நின்று இழுப்பது நெட்டை என்கிற ஆள். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவர்கள். ஈரப் பலகை ஒன்று முறுக்கிக்கொண்டு நெட்டையின் கையுறையைப் பிடித்து இழுத்தது. நெட்டை கத்தினான். வீட்டுக்காரர் கண்ணைப் பலகையில் வைத்தபடி தள்ளிக்கொண்டே இருந்தார். அவர் நிமிர்ந்து பார்த்து மெஷினை அணைத்தபோது நெட்டையின் இடது கையில் இரண்டு விரல் இல்லை.

மெஷின் இரைச்சலில் எவனுக்குக் கேட்கும் என்று மேஸ்திரி சொன்னார். எல்லாரும் அதையே சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் நெட்டையும் அதையே சொன்னான். வீட்டுக்காரர் பல நாள் பிரமை பிடித்தவர்போல இருந்தார். ராத்திரி சாப்பாட்டுத் தட்டில் கையை வைத்துக்கொண்டு அப்படியே இருப்பார். டமாரம் பக்கத்தில் உட்கார்ந்து, சாப்பிடுங்க, உங்க மேல என்ன தப்பு என்பாள். அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவளுக்கு உள்ளுக்குள் என்ன ஆயிற்று என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். மறுநாள் ஆலையில் மாவை வெட்டும்போது கத்தி இரண்டு தடவை விரலுக்குப் பக்கத்தில் இறங்கியது.

இப்படி இருக்கும்போதுதான் மகள், யாரிடமும் சொல்லாமல், ‘கடைசி வண்டி’யை அந்த வானொலி நிகழ்ச்சிக்கு அனுப்பினாள். அப்பாவின் முகத்தில் ஒரு சிரிப்பைப் பார்க்கவேண்டும் என்பதுதான் அவள் எண்ணம். வருகிற சனிக்கிழமை போடுகிறோம் என்று பதில் வந்தபோது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

சனிக்கிழமை மதியம் நாலு பேரும் வீட்டு முன்னறையில் உட்கார்ந்தார்கள். வெளியே மழை ஓய்ந்து கூரைத் தண்ணீர் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. தம்பி ஆலையிலிருந்து சூடாக பன் வாங்கி வந்திருந்தான். யாரும் தொடவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமா வை என்று வீட்டுக்காரர் மகளிடம் சொன்னார். அதுவே அதிகச் சத்தம்தான்.

பாட்டு முடிந்ததும் தொகுப்பாளர் பேசினார். அவசரமில்லாத, கனிந்த குரல். “இந்தப் பின்வாசல்ங்கிற குழுவ நீங்க கேட்டிருக்க மாட்டீங்க. ஒரு ரொட்டி ஆலையில மாவு மூட்டைக்கு நடுவுல வாசிக்கிறாங்களாம். இதுல கிட்டார கவனிச்சீங்களா? எப்பவும் கொஞ்சம் தாமதமா வருது. டிரம்ஸ் அதுக்காகக் காத்து நிக்குது. வீட்டுக்கு லேட்டா வர்றவனுக்காக சாப்பாட்ட மூடி வச்சிட்டு உக்காந்திருக்கிற மாதிரி. இதையெல்லாம் யாரும் சொல்லித்தர முடியாது” என்றார்.

மகள் துள்ளி எழுந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள். அவர் சிரித்தார். பிறகு, என்ன சொன்னார், சரியா விளங்கலை, நீ நிதானமா சொல்லு என்றார். மகள் அவர் முகத்துக்கு நேரே நின்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் சிரிப்பு உதட்டில் மட்டும் தங்கிப்போயிற்று.

“தாமதமாவா?” என்றார்.

“ஆமாப்பா. நீங்க வேணும்னே இழுத்து வாசிப்பீங்களே, அதைத்தான் சொல்றார்” என்றாள் மகள்.

அவர் எழுந்து கிட்டாரை எடுத்துவந்தார். பாட்டை மறுபடி போடச் சொல்லி, ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துக்கொண்டு, முழங்காலில் தாளம் போட்டுப் பார்த்தார். பிறகு மைத்துனனைக் கூப்பிட்டு, மாப்ள, தாளம் எங்க விழுது, என் கிட்டார் எங்க விழுது, ரெண்டு கையாலயும் தட்டிக் காட்டு என்றார். தம்பி கையைத் தூக்கினான். தூக்கிய கை அந்தரத்தில் நிற்க, கண் அக்கா பக்கம் போயிற்று. அவ்வளவுதான். அந்த ஒரு பார்வையில் எல்லாம் வெளியே வந்துவிட்டது.

வீட்டுக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் மனைவியிடம் மட்டும் கேட்டார்.

“எனக்குக் காது கேக்கலியா?”

“கேக்குதுங்க. சன்னமான சத்தம்தான்...” என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டு, “குறைஞ்சுகிட்டே வருது” என்றாள்.

“எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?”

“போன வருஷத்துலேர்ந்து.”

அவர் தன் விரலைப் பார்த்தார். அடுத்து என்ன கேட்கப்போகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்தக் கேள்வி வராமல் இருக்கக்கூடாதா என்று நினைத்தாள்.

“அப்ப நெட்டை கத்துனது, நல்லா காது இருக்கிறவனுக்குக் கேட்டிருக்கும், இல்ல?”

மகள் அழ ஆரம்பித்தாள். வீட்டுக்காரர் கத்தவில்லை, எதையும் தூக்கிப் போடவில்லை. கிட்டாரைத் துணியால் சுற்றி அலமாரிக்கு மேலே வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். எங்கே போகிறார் என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. டமாரம் மட்டும் கதவடியில் கிடந்த குடையை எடுத்துக்கொண்டு, பத்தடி பின்னால், அவர் திரும்பிப் பார்க்கமாட்டார் என்று தெரிந்தே நடந்தாள்.

நெட்டையின் வீட்டில் அவன் மனைவி இருவருக்கும் டீ போட்டாள். நெட்டை கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தான். காது போய்க்கொண்டிருப்பதை வீட்டுக்காரர் சுருக்கமாகச் சொன்னார். தனக்கே இன்றைக்குத்தான் தெரியும் என்றார். மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

“எனக்கு முன்னாடியே தெரியும்” என்றாள் டமாரம். “போன வருஷமே. நான்தான் சொல்லல.”

நெட்டையின் மனைவி மேசையிலிருந்த இரண்டு டம்ளரையும், வாய் வைக்காத டீயோடு எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற சத்தம் கேட்டது.

நெட்டை அவள் பக்கம் திரும்பினான். “அவன் காது கேக்காம செஞ்சது, அதுல எனக்கு வருத்தமில்ல. நீ தெரிஞ்சும் தினம் டப்பால சாப்பாடு கட்டி அந்த மெஷினுக்கே அனுப்பினியே. அதை நான் என்ன செய்யட்டும் சொல்லு” என்றான். குரலை உயர்த்தாமல், நியாயம் கேட்கிற மாதிரிதான் கேட்டான். அந்த வீட்டு வாசலை அவள் அதற்கப்புறம் மிதிக்கவில்லை. வீட்டுக்காரர் போவார், நெட்டை பேசுவான். அவள் பெயர் அங்கே எடுக்கப்படுவதில்லை.

காது டாக்டர் சோதித்துவிட்டு, மெஷின் இரைச்சல் தின்றுவிட்டது என்றார். போனது போனதுதான், இருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, காதில் மாட்டுகிற கருவி ஒன்றைக் கொடுத்தார். பட்டறையில் விஷயத்தைச் சொன்னதும் அறுவை மெஷினிலிருந்து எடுத்து வார்னிஷ் பிரிவில் போட்டார்கள். வீட்டுக்கு வரும்போது மரத்தூள் மணம் போய் வார்னிஷ் நெடி வந்தது. அவளோடு அவர் பேசாமல் இல்லை. உப்பு வேணும், சட்டை எங்கே, மழை வருது என்கிற அளவுக்குப் பேசினார். கோபித்துச் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு. ஆலையில் ரொட்டி அச்சைத் தட்டும்போது அதில் நடை எதுவும் வரவில்லை. அடுப்படி ஆள், என்ன டமாரம், உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

இதற்கு நடுவில் வானொலியிலிருந்து அழைப்பு வந்தது. நிகழ்ச்சியில் வந்த குழுக்களில் சிலரை ஒரு சின்ன அரங்கத்தில் நேரடியாக வாசிக்கவைக்கப் போகிறார்களாம். மூன்று நர்சுகளும் வருகிறார்களாம். வேண்டாம் என்று எழுதிவிடு என மகளிடம் டமாரம்தான் சொன்னாள். ஆனால் மறுநாள் வேலை முடிந்து வந்த வீட்டுக்காரர் நாற்காலி போட்டு ஏறி, அலமாரி மேலிருந்த கிட்டாரை இறக்கினார். தூசியைத் தட்டிக்கொண்டே, யாரிடம் என்றில்லாமல் சொன்னார்:

“ஒரு தடவையாவது நேரா வாசிச்சுட்டு வரணும்.”

கருவி பாட்டுக்கு உதவவில்லை. அதை மாட்டிக்கொண்டால் பித்தளைத் தட்டு காதுக்குள் தகரத்தைக் கிழிப்பதுபோல அலறியது. கழற்றி வைத்துவிட்டு வேறு வழி தேடினார். மாவு அறைத் தரை மரப்பலகை. செருப்பைக் கழற்றிவிட்டு, டமாரத்தின் பெரிய டிரம்முக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, பாதத்தை டிரம்மின் அடிச்சட்டத்தில் வைத்துக்கொண்டார். அவள் காலால் அடிக்கிற ஒவ்வொரு அடியும் அவர் உள்ளங்காலில் இறங்கியது. வருஷக்கணக்கில் அவளுக்கு எதிரில் நின்று வாசித்தவர், இப்போது முழங்கால் முழங்காலில் இடிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஆனால் கிட்டார் நேராக வந்தது.

அரங்கத்தில் கூட்டம் அதிகமில்லை. வந்தவர்கள் எல்லாரும் கேட்க வந்தவர்கள். சாப்பாட்டு மேசை என்று ஒன்று அங்கே கிடையாது. மேடைக்குப் பின்னால் டமாரம் அந்த நர்சுகளைப் பார்த்தாள். ஒருத்திக்கு நல்ல ஜலதோஷம், மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். போய்ப் பேசவேண்டும் என்று எத்தனை நாள் ஆசை! பக்கத்தில் போனாள். உங்க பாட்டு கேட்டிருக்கேன் என்று மட்டும் சொன்னாள். அவர்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உங்க ‘கடைசி வண்டி’யத்தான் நாங்க டூட்டில முணுமுணுக்கிறோம், அந்த இழுவைதான் வரமாட்டேங்குது என்றார்கள். அவள் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

பின்வாசல் முறை வந்தது. வீட்டுக்காரர் வெறுங்காலோடு மேடை ஏறினார். ‘கடைசி வண்டி’ தொடக்கத்திலிருந்து முடிவுவரை தாளம் பிசகாமல் போயிற்று. முன்வரிசையில் இருந்த டமாரத்தின் முதலாளி எழுந்து நின்று கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள், மரியாதைக்குத் தட்டுகிற அளவு. பதிவில் கேட்டு வந்ததை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த முகங்களில் ஒரு சின்ன ஏமாற்றம் இருந்தது. டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து பார்த்தவளுக்கு அது தெளிவாகத் தெரிந்தது.

தொகுப்பாளர் மேடைக்குப் பின்னால் வந்தார். நல்ல மனிதர், தயங்கித்தான் கேட்டார். “பிரமாதமா இருந்தது. ஆனா அந்தத் தாமதத்த ஏன் விட்டுட்டீங்க? அதுதானே உங்க அடையாளம்?”

வீட்டுக்காரர் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், “அது தாமதமில்லீங்க, காது. எனக்குக் கேக்கல. வீட்டுல காத்திருந்தாங்க.”

தொகுப்பாளருக்குக் கண் கலங்கிவிட்டது. இதை அடுத்த சனிக்கிழமை சொல்லலாமா, கேட்கிறவர்களுக்கு இந்தப் பாட்டு இன்னும் நெருக்கமாகிவிடும் என்று கேட்டார். மகள் ஆவலோடு அப்பாவைப் பார்த்தாள்.

“வேண்டாம்” என்றார் வீட்டுக்காரர். “அந்தப் பாட்டுல ஒருத்தன் விரல் போயிருக்கு. யாரும் அதுல நெருக்கமாக வேண்டாம். உங்க நிகழ்ச்சியிலேர்ந்து எடுத்துருங்க அதை.”

அவர் சொன்னது முழுக்கப் புரியாவிட்டாலும் தொகுப்பாளர் சம்மதித்தார். ஆனால் எடுத்து என்ன? அதற்குள் பாட்டு கைமாறிக் கைமாறி எங்கெங்கோ போய்விட்டிருந்தது. முகம் தெரியாத ஆட்கள் அதைப் போட்டுக் கேட்டார்கள். மருந்துக்கடையில் மாத்திரை வாங்க வந்த ஒரு பெண்ணின் போன் அந்தக் கிட்டாரோடு மணியடித்ததாம். மகள் சில்லறையைக் கீழே போட்டுவிட்டாளாம். பின்வாசலின் வேறு பாட்டு எதையும் யாரும் கேட்கவில்லை.

அரங்கத்திலிருந்து வந்ததற்கு அடுத்த ஞாயிறு, வாசிக்கப் போகவேண்டுமா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. மதியம் ஆனதும் அவரவர் கிளம்பி மாவு அறைக்கு வந்து சேர்ந்தார்கள். அடுப்புச் சூடு இன்னும் சுவரில் இருந்தது. வீட்டுக்காரர் பாதத்தை அடிச்சட்டத்தில் வைக்கவில்லை. ஸ்டூலை எடுத்து எதிரில், பழைய இடத்தில் போட்டுக்கொண்டார்.

“கால் எவ்வளவு நாள் காப்பாத்தும்? காதுல மிச்சமிருக்கிறவரைக்கும் காதால வாசிக்கிறேன்” என்றார். பிறகு மனைவியை நேராகப் பார்த்துச் சொன்னார். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவளை அவர் முகம் பார்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

“நான் தாளம் தப்பினா நீ எனக்காகக் காத்து நின்னு மறைக்கக்கூடாது. இனிமே எதுலயும். உன்னால முடியுமா?”

முடியும் என்று தலையாட்டினாள். முடியுமா என்று அவளுக்கே தெரியாது.

புதுப் பாட்டு ஒன்றைத் தொடங்கினார்கள். முதல் சரணம் சரியாகப் போயிற்று. இரண்டாவது சரணத்தின் நடுவில், மகளின் குரல் மேலே ஏறுகிற இடத்தில், கிட்டார் நழுவுவது தெரிந்தது. டமாரத்தின் மணிக்கட்டு, அவளைக் கேட்காமலே, அடியைத் தள்ளிப்போடத் தயாராயிற்று. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு குச்சியையும் அடிக்காமல் தூக்கிப் பிடித்தாள்.

தம்பியின் கை நின்றது. மகள் பாதி வரியில் நின்றாள். மூட்டைகளுக்கு நடுவில் கிட்டார் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, யாரும் கூட இல்லை என்பது தெரியாமல் அவர் வாசித்துக்கொண்டிருந்தார். குச்சியைக் கீழே இறக்கிவிட அவளுக்குத் துடித்தது. இறக்கவில்லை.

அவர் கண்ணைத் திறந்தார். அந்தரத்தில் நிற்கும் குச்சிகளைப் பார்த்தார். கை தானாக அடங்கியது. முகத்தில் ரத்தம் ஏறிற்று. கிட்டாரை மூட்டைமேல் வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். பின்வாசல் குழாயில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

ஈர முகத்தோடு திரும்பி வந்தார். சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, கிட்டாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“எங்க விட்டேன்?” என்று கேட்டார்.

அவர்கள் வீட்டில் யாரும் அவரிடம் குரலை உயர்த்தியதில்லை. அவள் மூச்சை இழுத்துக்கொண்டு, அவருக்குக் கேட்கிற அளவுக்கு, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்:

“ரெண்டாவது சரணம். மூணாவது வரி. பாதியில.”

அவர் தலையாட்டிவிட்டு விரலைக் கம்பியில் வைத்தார்.